வயிறு ஒப்புக்கொள்ளாத வேர்

1688இல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி ஒரு வேரின் ரகசியத்தை விலைக்கு வாங்கினார். விலை, லூயி என்றே பெயர் கொண்ட தங்கக் காசில் ஆயிரம். விற்றவர் ஹெல்வீஷியஸ், ஹாலந்திலிருந்து பாரிஸுக்கு வந்து குடியேறிய மருத்துவர். சீதபேதிக்கு யாருக்கும் சொல்லாத ஒரு மருந்து கொடுத்து ஊரில் பேர் வாங்கியிருந்தார். (இவருடைய பேரன்தான் பின்னால் தத்துவ உலகில் அறியப்பட்ட ஹெல்வீஷியஸ். தாத்தா சம்பாதித்த காசு தத்துவத்துக்கு உதவியது என்று வைத்துக்கொள்ளலாம்.) ரகசியத்தை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே இருந்தது பிரேசில் காட்டிலிருந்து வந்த, வளையம் வளையமாகச் சுருங்கிய, சுள்ளி மாதிரியான ஒரு வேர். பெயர் இபிகாக்குவானா.

உண்மையில் அது ரகசியமே இல்லை. பிரேசிலின் ஒரு பகுதி டச்சுக்காரர்கள் கையில் இருந்த காலத்தில் அங்கே போன பீசோ என்ற மருத்துவரும் மார்க்கிராஃப் என்ற இயற்கை ஆய்வாளரும் எழுதி 1648இல் வெளியான பெரிய நூலிலேயே அந்த வேர் இருக்கிறது. அவர்களுக்கும் அது அந்த மண்ணின் மக்களிடமிருந்து கிடைத்ததுதான். நாற்பது வருஷம் அச்சில் கிடந்த சங்கதியை ஒரு மன்னர் தங்கம் கொடுத்து வாங்கினார். டாக்குமென்டேஷனை எவனும் படிக்க மாட்டேங்கிறான் என்று எங்கள் தொழிலில் தினமும் புலம்புவோம். புதிய வியாதி இல்லை போலிருக்கிறது.

இபிகாக்கில் ஒரே ஒரு சிக்கல். அதைச் சாப்பிட்டால் வாந்தி வரும். கொஞ்சநஞ்சம் இல்லை, குடல் வெளியே வந்துவிடும் என்கிற மாதிரி. துப்பி மொழியில் அந்தப் பெயருக்கே வாந்தி எடுக்கவைக்கும் செடி என்றுதான் அர்த்தம் சொல்கிறார்கள். சீதபேதிக்கு அதைவிட்டால் வேறு மருந்தில்லை, ஆனால் மருந்து வயிற்றில் பத்து நிமிஷம் தங்குவதில்லை. அடுத்த இருநூறு வருஷ மருத்துவத்தில் ஒரு பகுதி இந்த ஒரே கேள்வியில் கழிந்தது: வயிற்றுக்குத் தெரியாமல் ஒரு வேரை எப்படி உள்ளே அனுப்புவது?

இன்று அமுக்கரா கேப்ஸ்யூல் வாங்கி, காலையில் வெறும் வயிற்றில் பிளாக் காபியோடு விழுங்கிவிட்டு, பத்தரை மணி ஸ்டாண்டப் மீட்டிங்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆட்கள் என் டீமிலேயே மூன்று பேர் உண்டு. அவர்கள் கேட்கிற கேள்வியும் இதேதான். வேர் என்றால் சாது, இயற்கை, பக்கவிளைவு இல்லாதது என்று ஒரு நம்பிக்கை. யோசித்துப் பார்த்தால் வேர் சாதுவாக இருக்க எந்தக் காரணமும் இல்லை. ஓடி ஒளிய முடியாத செடி, பூஞ்சையும் புழுவும் பூச்சியும் மொய்க்கிற மண்ணுக்குள்ளே தன் சேமிப்பைப் புதைத்து வைத்திருக்கிறது. காவலுக்குக் கசப்பையும் காரத்தையும் நஞ்சையும் வைத்திருக்கிறது. நாம் மருந்து என்று எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அந்தக் காவல்காரனைத்தான்.

முதலில் கிடைத்த வழி வயிற்றைத் தூங்கவைப்பது. இதைச் செய்தவர் தாமஸ் டோவர். மருத்துவர்தான், ஆனால் கப்பற்கொள்ளைக்கும் போனவர். 1709இல் ஆளில்லாத் தீவு ஒன்றில் நாலு வருஷத்துக்கு மேல் தனியாகக் கிடந்த அலெக்ஸாண்டர் செல்கிர்க்கை மீட்ட கப்பல்களில் டோவரும் இருந்தார். அந்தச் செல்கிர்க்கின் கதையிலிருந்துதான் ராபின்சன் குரூசோ பிறந்தான் என்பார்கள். 1732இல் டோவர் எழுதிய மருத்துவ நூலில் ஒரு பொடி இருக்கிறது: இபிகாக் ஒரு அவுன்ஸ், அபினி ஒரு அவுன்ஸ், அதிமதுரம் ஒரு அவுன்ஸ், பொட்டாசிய உப்புகள் இரண்டும் நாலு நாலு அவுன்ஸ். அவர் அதைக் கொடுத்தது சீதபேதிக்கு அல்ல, வாத வலிக்கு வேர்க்கவைக்க. ஆனால் அபினி கூட இருந்தால் இபிகாக் வயிற்றில் தங்கும் என்கிற சூட்சுமம் அந்தப் பொடியோடு உலகம் சுற்றியது. டோவர் பொடி இருபதாம் நூற்றாண்டு வரை மருந்துக் கடைகளில் இருந்தது.

நம் ஊர்ப் பக்கம் இந்தக் கதை பட்டாளத்து ஆஸ்பத்திரிகளில் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கொன்றதில் சீதபேதிக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களுக்கு இபிகாக் கொடுக்கிற முறையை மருத்துவ நூல்கள் ஒரு சடங்கு மாதிரி விவரிக்கின்றன. சில மணி நேரம் சாப்பாடு கிடையாது. முதலில் சில சொட்டு அபினிக் கரைசல். வயிற்றின் மேல் கடுகுப் பற்று. பிறகு இருபது முப்பது கிரெய்ன் வேர்ப்பொடி, நம் கணக்கில் ஏறத்தாழ ஒன்றே காலிலிருந்து இரண்டு கிராம். அதன்பின் தலையணை இல்லாமல் மல்லாந்து படுக்க வேண்டும், தண்ணீர் கேட்கக் கூடாது, பேசக் கூடாது, ஊறும் எச்சிலைக்கூட விழுங்கக் கூடாது. ஒரு வேர் வயிற்றில் தங்குவதற்காக மனிதன் இவ்வளவு அசையாமல் கிடந்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பாவமாகத்தான் இருக்கிறது.

இதற்கு நடுவில் வேதியியல் வளர்ந்துவிட்டது. 1817இல் பாரிஸில் பெல்லெத்தியேவும் மஜான்டியும் இபிகாக்கிலிருந்து வாந்தியை உண்டாக்கும் சரக்கைப் பிரித்தெடுத்தார்கள். வாந்திக்கான கிரேக்கச் சொல்லை வைத்து அதற்கு எமெட்டின் என்று பெயரும் வைத்தார்கள். வாந்தி எடுக்கவைக்கும் பொருள் எது என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் அதை நீக்கிவிட்டு மிச்ச வேரைக் கொடுத்தால் என்ன? இன்ஜினியர் மூளைக்கு உடனே தோன்றுகிற யோசனை. 1890களில் இந்தியாவில் அதையும் செய்து பார்த்தார்கள். எமெட்டின் நீக்கிய இபிகாக் புழக்கத்துக்கு வந்தது. நோயாளிகளுக்கு நிம்மதி, குமட்டல் இல்லை. குணமாகிறது என்று சொன்ன மருத்துவர்களும் இருந்தார்கள்.

1911இல் மணிலாவில் எட்வர்ட் வெட்டர் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் இதைச் சோதனைக் குழாயில் சரிபார்த்தார். அமீபாக்களைக் கொன்றது எமெட்டின். எமெட்டின் நீக்கிய வேரில் அந்தச் சக்தி இல்லை. குமட்டலை நீக்கியவர்கள் மருந்தையே நீக்கியிருந்தார்கள். அந்த இடைப்பட்ட வருஷங்களில் வயிறு சுகமாக, வியாதி அப்படியே இருக்க, நம்பிப் படுத்திருந்தவர்கள் எத்தனை பேரோ. மருத்துவ வரலாற்றில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடங்களில் இது ஒன்று. பக்கவிளைவு என்று நாம் தனியாக ஒரு பெட்டி போட்டு வைக்கிறோம். செடிக்கு அப்படி ஒரு பெட்டி இருப்பது தெரியாது.

அடுத்த வருஷமே கல்கத்தாவில் லெனார்ட் ரோஜர்ஸ் வயிற்றையே சுற்றிக்கொண்டு போனார். எமெட்டின் உப்பை ஊசியில் ஏற்றித் தோலுக்கு அடியில் போட்டார். 1912இல் அவர் வெளியிட்ட முடிவுகள் மருத்துவ உலகத்தை உலுக்கின. சாகக் கிடந்தவர்கள் சில நாளில் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆனால் எமெட்டின் உயிரணுக்களில் புரதம் உருவாவதையே தடுக்கிற சரக்கு. அமீபாவுக்குச் செய்வதை அது இதயத் தசைக்கும் செய்யும். ஊசி போட்ட நோயாளிகளைப் படுக்கையில் வைத்து நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. வாய்வழி வந்திருந்தால் முக்கால்வாசியை வயிறு வெளியே தள்ளியிருக்கும். 1960களில் மெட்ரோனிடசோல் வந்த பிறகு எமெட்டின் மெல்ல ஒதுங்கியது. மெட்ரோனிடசோல் சாப்பிட்டால் நாக்கில் இரும்பு ருசியும் குமட்டலும் வருவது சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். சீதபேதி மருந்துகளுக்கும் வயிற்றுக்கும் அப்படி ஒரு ராசி.

வயிற்றை ஏமாற்றும் மற்ற வழிகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1834இல் பாரிஸில் மோத் என்பவரும் டூப்ளாங்க் என்பவரும் ஜெலட்டின் கேப்ஸ்யூலுக்குக் காப்புரிமை பெற்றார்கள். நாக்கை ஏமாற்றுவதுதான் அதன் வேலை, வயிற்றுக்குள் போனதும் கரைந்துவிடும். 1884இல் ஹாம்பர்க் மருத்துவர் உன்னா மாத்திரையின் மேல் கெரட்டின் பூசினார். கொம்பிலும் நகத்திலும் இருக்கிற அதே புரதம். இரைப்பை அமிலத்தில் அது கரையாது, குடலில் கரையும் என்பது கணக்கு. இன்று மாத்திரை அட்டையில் 'என்டெரிக் கோட்டட்' என்று இருப்பதன் பாட்டன் அது.

இனி, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வேர். வயிற்றுக்கு இதம் தருவதற்கென்றே பேர் போன அதிமதுரம். தொண்டை கட்டினால் ஒரு துண்டு வாயில் ஒதுக்கிக்கொள்கிற பாட்டுக்காரர்களை எல்லோரும் பார்த்திருப்போம். இதில் நடந்த கதையும் ஒரு டச்சுக்காரரிடம்தான் தொடங்குகிறது. டச்சுக்காரர்களுக்கும் வேர்களுக்கும் என்ன பூர்வ ஜென்ம பந்தமோ. ஹெய்ரன்வேன் என்ற ஊரில் ரெவர்ஸ் என்ற மருத்துவர், உள்ளூர் மருந்துக் கடைக்காரர் ஒருவர் தயாரித்த களிம்பு போன்ற மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுப் புண் ஆறுவதைக் கவனித்தார். அதில் பெரும்பங்கு அதிமதுரச் சாறு. 1946இல் இதை எழுதினார். அமிலத்தை அடக்க இன்றைய மாத்திரைகள் எதுவும் இல்லாத காலம். வயிற்றுப் புண் என்றால் மாதக்கணக்கில் பாலும் கஞ்சியும், இல்லையேல் கத்தி. அப்படிப்பட்ட நேரத்தில் மிட்டாய்க் கடையில் கிடைக்கிற வேர் புண்ணை ஆற்றுகிறது.

ஆனால் அவருடைய நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்கு முகமும் காலும் வீங்கின. வயிறு ஒரு வார்த்தை முறையிடவில்லை, முறையிட்டது சிறுநீரகம். காரணம் முழுதாகப் புரிய இன்னும் நாற்பது வருஷம் ஆயிற்று. சிறுநீரகத்தில் கார்ட்டிசோல் உள்ளே நுழைந்து உப்பைப் பிடித்து வைக்கும் சாவியாக மாறிவிடாமல் ஒரு நொதி வாசலில் நின்று தடுக்கிறது. அதிமதுரத்தின் இனிப்புச் சரக்கு அந்த நொதியை உட்காரவைத்துவிடுகிறது. உப்பு தேங்கும், பொட்டாசியம் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும்.

இதிலும் இரண்டு பாதை பிரிந்தது. பிரிட்டனில் அந்தச் சரக்கையே கொஞ்சம் மாற்றி கார்பெனாக்சலோன் என்ற மாத்திரை ஆக்கினார்கள். புகைபிடித்தலையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைத்துக் காட்டிய அதே ரிச்சர்ட் டால் 1962இல் இதைச் சோதித்து இரைப்பைப் புண் ஆறுவதாகச் சொன்னார். வீக்கமும் கூடவே வந்தது. இன்னொரு பாதை, இனிப்புச் சரக்கை நீக்கிவிட்டு மிச்ச வேரைக் கொடுப்பது. இபிகாக்கில் செய்த அதே வேலை. இன்றும் டி.ஜி.எல். என்ற பெயரில் சப்ளிமென்ட் கடைகளில் கிடைக்கிறது. வீக்கம் இல்லை. பலன் பற்றிய சோதனைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. 1976இல் சிமெடிடின் வந்ததும் இந்தக் கேள்வியிலேயே எல்லோருக்கும் ஆர்வம் போய்விட்டது.

இப்போது அமுக்கரா. அசுவகந்தி, அஸ்வகந்தா, எந்தப் பேரில் கூப்பிட்டாலும் குதிரை வாடை அடிக்கிற வேர் என்பதுதான் அர்த்தம். ராஜஸ்தானத்து நாகௌர் வேருக்குப் பழைய பேர், மத்தியப் பிரதேசத்தின் நீமச் சந்தையில் இன்று மூட்டை மூட்டையாக ஏலம் போகிறது. நம் சித்த மருத்துவத்தில் இதற்கென்று அமுக்கரா சூரணம் இருக்கிறது. அதன் அளவுப் பட்டியலை முதலில் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. கூட்டினால் 255. எட்டு பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண். பைனரியை நம் முன்னோர் கண்டுபிடித்தார்கள் என்று யாராவது வாட்ஸப்பில் கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: படிக்கல் இல்லாமல் தராசு மட்டும் இருந்தாலும் இரட்டிப்பது சுலபம். ஒரு தட்டில் இருப்பது எல்லாவற்றையும் வைத்து மறு தட்டில் புதிய சரக்கை நிறுத்தினால் போதும், கிட்டத்தட்ட இந்த வரிசை வந்துவிடும். இது கடைக்காரரின் கணிதம்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு கணக்கு. சர்க்கரையை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். அமுக்கரா 64 பங்கு. கூட இருக்கிற ஆறு சரக்கும் சேர்ந்து 63. வேருக்கு ஏறத்தாழ சரிக்குச் சரி துணை. அந்த ஆறில் ஐந்து நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலோ மருந்துப் பெட்டியிலோ வயிற்று உப்புசத்துக்கும் மந்தத்துக்கும் கை நீட்டி எடுக்கிற சரக்கு. குமட்டலுக்கு இஞ்சி கேட்கும் என்பதை நவீன சோதனைகளும் ஒத்துக்கொள்கின்றன. ஒரு தேக்கரண்டி, மூன்று கிராம் சூரணம் என்று வைத்தால் அதில் அமுக்கரா முக்கால் கிராம்தான். மீதி முழுக்க அதை வயிறு ஏற்றுக்கொள்வதற்கான ஏற்பாடு.

இதற்கும் முன்னால் சுத்தி என்று ஒரு கட்டம் உண்டு. பானையில் பாலும் தண்ணீரும் ஊற்றி, வாயில் துணி கட்டி, துணிமேல் வேர்ப்பொடியைப் பரப்பி, மூடி, ஆவியில் வேகவைப்பார்கள். பிட்டவியல் என்று பெயர். புட்டு அவிக்கிற அதே முறை. பிறகு காயவைத்து மறுபடி பொடிப்பார்கள். கிழங்கு மாவுச்சத்து நிறைந்தது, பச்சை மாவைச் சாப்பிட்டால் யாருக்கும் வயிறு கட்டத்தான் செய்யும், அவித்தால் அந்தத் தொல்லை குறையும் என்பது என் ஊகம். அதற்கும் மேலே அனுபானம்: பாலில், தேனில், நெய்யில், வெந்நீரில் என்று எதோடு சாப்பிடுவது என்பதையும் சேர்த்துத்தான் மருந்து எழுதுவார்கள். டோவர் செய்ததற்கும் இதற்கும் ஒரு வேற்றுமை. அங்கே வயிற்றை மயக்கினார்கள். இங்கே வயிற்றோடு பேசிப் பார்த்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னவுடன் பழைய முறையே எல்லாவற்றிலும் மேல் என்று கொடி பிடிக்க எனக்கு ஆசை இல்லை. அந்தச் சூரணத்தில் பாதி சர்க்கரை. நீரிழிவுக்காரர்களுக்கு அந்தத் துணையே வில்லன். பால் ஒத்துக்காத வயிறும் லட்சக்கணக்கில் உண்டு. மிளகும் திப்பிலியும் நெஞ்செரிச்சல்காரர்களை இன்னும் எரியவைக்கும்.

இன்றைய கேப்ஸ்யூலில் இருப்பது பெரும்பாலும் வேர்ப்பொடி கூட இல்லை, வேரின் சாரம். 2012இல் ஹைதராபாத்தில் 64 பேரை வைத்து நடந்த, அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிற மன அழுத்த ஆய்வில் 300 மில்லிகிராம் சாரத்தை நாளுக்கு இருமுறை கொடுத்தார்கள். வேரில் இயல்பாக ஒரு சதவீதத்துக்கும் கீழே இருக்கிற விதனோலைடுகளை ஐந்து சதவீதம் வரை ஏற்றியிருப்பதாக டப்பாக்கள் பெருமையாகச் சொல்கின்றன. 64ஐ வைத்துக்கொண்டு 63ஐக் கீழே போட்டுவிட்டு, அந்த 64ஐயும் சுண்டக் காய்ச்சியிருக்கிறார்கள். வெறும் வயிறு, அதன்மேல் காபி. வயிறு சும்மா இருக்குமா?

டீமில் கேட்டவர்களிடம் நான் சொன்னது இவ்வளவுதான். சாப்பாட்டுக்கு நடுவிலோ முடிந்த உடனேயோ போடு. காபிக்கும் அதற்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி விடு. முழு அளவில் ஆரம்பிக்காதே, பாதியில் தொடங்கி ஒரு வாரம் பார். சாரம் ஒத்துக்கலைன்னா வேர்ப்பொடிக்கு மாறு, பால் ஒத்துக்கொள்ளும் என்றால் பாலில் கொதிக்கவைத்து ராத்திரியில் குடி. அப்பவும் குமட்டினால் விட்டுடு. கடைசி வாக்கியத்தைத்தான் யாரும் காதில் வாங்கவில்லை. ஒருவன் அமிலம் குறைக்கிற மாத்திரையை முதலில் போட்டுக்கொண்டு அதன்மேல் கேப்ஸ்யூலைப் போட ஆரம்பித்தான். "இப்ப சூப்பரா செட் ஆயிடுச்சு" என்றான். எனக்குத் தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்திருந்த சிப்பாய் ஞாபகத்துக்கு வந்தான்.

பயப்படக் காரணம் இருக்கிறது. 2020இல் ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் சேர்ந்து அஸ்வகந்தா சாப்பிட்ட ஐந்து பேருக்கு ஏற்பட்ட கல்லீரல் பாதிப்பை வெளியிட்டார்கள். சாப்பிடத் தொடங்கி இரண்டிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மஞ்சள் காமாலை, உடம்பெல்லாம் அரிப்பு, அசதி, குமட்டல். நிறுத்திய பிறகு நாலு பேர் தேறினார்கள், ஒருவர் மட்டும் தொடர்பு விட்டுப்போனார். கோடிக்கணக்கானோர் சாப்பிடுகிற வேரில் இது அபூர்வம்தான். 2021இல் நம் ஆயுஷ் அமைச்சகம் இலையைக் கலக்காதே, வேரை மட்டும் பயன்படுத்து என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. 2023இல் டென்மார்க் ஒரேயடியாகத் தடை செய்தது. தடை அதிகப்படி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த ஐந்து பேருக்கும் இருந்த அறிகுறிப் பட்டியலில் குமட்டலும் உண்டு. அமில மாத்திரையால் அதை அமுக்கி வைத்திருந்தால் சாப்பிடுகிறவருக்கு விஷயம் தெரிவது எப்போது?

சென்ற தீபாவளிக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கே ஒரு டப்பா வந்தது. அத்தை வாங்கி அனுப்பியது. தூக்கம் வரும், மூட்டுவலி போகும் என்று யூடியூபில் பார்த்திருக்கிறார். அம்மா பத்து வருஷமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். மூன்று நாள் கேப்ஸ்யூலைப் போட்டுவிட்டு என்னிடம் போனில் கேட்டார்: "வயித்தப் பொரட்டுதுடா. தயிர்சாதத்தோட போட்டா பொரட்டாதோ?"

புரட்டாமல் இருக்கலாம். ஆனால் அமுக்கரா தைராய்டு ஹார்மோனை ஏற்றிவிடும் என்பதற்கு ஆய்வும் உண்டு, படபடப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் மருத்துவப் பதிவுகளும் உண்டு. மாத்திரையின் மேல் இதுவும் சேர்ந்தால் அளவு எங்கே போய் நிற்கும் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட முடியாது. கர்ப்பிணிகளுக்கும், தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது ஆகாது என்பதையும் டப்பாவில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள், அம்மாவின் கண்ணாடிக்குத் தெரியாத அளவில். "தயிர்சாதம் வேணாம்மா, அதையே நிறுத்திடு. அடுத்த செக்கப்ல டாக்டர்கிட்ட டப்பாவக் காட்டு" என்றேன்.

"அத்தைக்கு என்னடா சொல்றது? ஆசையா அனுப்பியிருக்கா."

"வயிறு ஒத்துக்கலைன்னு சொல்லு."

டாக்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாராம். ரத்தப் பரிசோதனை ஒன்றும் எழுதிக் கொடுத்தார். அளவு மாறவில்லை. டப்பா இன்னும் ஃப்ரிட்ஜ் மேலேதான் இருக்கிறது, அத்தை வரும்போது கண்ணில் படுகிற இடத்தில். அதில் மூன்று கேப்ஸ்யூல் குறைகிறது.